மாவு எப்படி வெடிக்கும்? தூசு உறிஞ்சும் இயந்திரமே வெடிகுண்டாகாமல் தடுப்பது எப்படி?

டோபி காட் நிலையத்தில் 3 ரயில் பாதைகள் சந்திக்கின்றன. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயவைத்தார்கள். சலவை என்றால் கஞ்சி இல்லாமலா? சட்டை விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சி வேறொன்றுமில்லை, மாவுச்சத்துதான்.

அதே வகைப் பொருள்தான் 24 பிப்ரவரி 2021 அன்று துவாஸில் நேர்ந்த விபத்தில் தீயைப் பரப்பியது. அது உருளைக்கிழங்கு மாவு.

துவாஸில் என்ன நடந்தது?

துவாஸ் அவென்யூ 11இல் இருந்த ஸ்டார்ஸ் எஞ்சினியரிங் பணிமனையில், தீத்தடுப்புப் பொருள் ஒன்றைத் தயாரிக்க உருளைக்கிழங்கு மாவைச் சேர்த்துக் கலக்கினார்கள். கலவை இயந்திரத்தைச் சுற்றி, சூடான எண்ணெய் நிரப்பிய உறை இருந்தது. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகி, அழுத்தம் கூடி, உறை பிளந்தது. முதல் வெடிப்பு அதுதான்.

அதோடு முடியவில்லை. அதிர்ச்சியில், பணிமனையில் படிந்திருந்த மாவு காற்றில் எழும்பியது. அது தீப்பிடித்துப் பரவியது. ஊழியர்கள் மூவர் மாண்டார்கள். ஒருவர் இந்தியர், இருவர் பங்களாதேஷைச் சேர்ந்தவர்கள். மேலும் 7 பேர் காயமடைந்தார்கள்.

மனிதவள அமைச்சு அமைத்த விசாரணைக் குழு, அதே ஆண்டு செப்டம்பரில் விசாரணையைத் தொடங்கியது. விபத்துக்கு முன்னரே அந்த இயந்திரத்தில் எண்ணெய் கசிந்ததும் சிறு தீ ஏற்பட்டதும் அதில் வெளிவந்தன. தீயைத் தடுக்கும் பொருளைச் செய்த இடத்தில் தீ முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை வேலையை நிறுத்தவில்லை.

"மாவுதானே, அது போய் வெடிக்குமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. விறகுக் கட்டையைப் பற்றவைக்க எவ்வளவு நேரம் ஊத வேண்டியிருக்கிறது! அதையே மரத்தூளாக்கி அடுப்பின்மேல் தூவினால் 'புஸ்' என்று பிடித்துக்கொள்ளும். எடை அதேதான். ஆனால் ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் எரிகின்றன.

வெடிப்புக்கு 5 விஷயங்கள் ஒன்றுகூட வேண்டும். எரியக்கூடிய தூசு, அது காற்றில் மேகம்போல எழும்புவது, உயிர்வாயு, ஒரு தீப்பொறி, நாலு பக்கமும் அடைப்பு. இதில் அடைப்பு இல்லாவிட்டால் வெடிக்காது, ஆனால் நெருப்பு வீசும். அதுவும் லேசானதல்ல. 2015ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி தைவானில், திறந்தவெளிக் கேளிக்கை நிகழ்ச்சி ஒன்றில் வண்ணம் கலந்த சோளமாவைக் கூட்டத்தின்மேல் தூவினார்கள். அது பற்றிக்கொண்டதில் 15 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 500 பேர் காயமடைந்தார்கள்.

சீனி, பால்மாவு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மரத்தூள், பிளாஸ்டிக் பொடி, அலுமினியப் பொடி என எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. சிமெண்டு, மணல், உப்பு ஆகியவற்றுக்கு இந்தப் பயம் இல்லை.

எவ்வளவு தூசு இருந்தால் ஆபத்து? ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து கிராம் போதும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியலாம், ஆனால் அது கண்ணை மறைக்கும் புகைமூட்டம். 25 வாட் பல்பு 2 மீட்டர் தூரத்திலிருந்து தெரியாது. அப்படிப்பட்ட மூட்டத்தில் யாரும் வேலை பார்க்கமாட்டார்கள். ஆனால் படிந்து கிடக்கும் தூசை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், அதாவது ஒரு வங்கி அட்டையின் கனம், பரவலாகப் படிந்திருந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரநிலை. உத்தரம், விளக்கின் மேற்பகுதி, குழாயின் முதுகு எல்லாம் அதில் சேரும். அங்கே யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

2008 பிப்ரவரி 7ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் 14 பேர் மடிந்ததும் இப்படித்தான். முதல் வெடிப்பு மூடிய கன்வேயருக்குள் நடந்தது. அது உதறிவிட்ட சீனித் தூசு, கட்டடம் கட்டடமாக வெடித்துக்கொண்டே போனது.

அப்படியானால் 'டஸ்ட் கலெக்டர்' போட்டால் போதாதா?

போட வேண்டும், ஆனால் போட்டால் மட்டும் போதாது. அறையில் பரவியிருக்கும் ஆபத்தை அது ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். உள்ளே நுண்ணிய தூசு, காற்று, அடைப்பு மூன்றும் எப்போதும் இருக்கின்றன. வடிகட்டிப் பைகளை உதறக் காற்றழுத்தம் 'டப்' என்று அடிக்கும்போதெல்லாம் உள்ளே தூசு மேகம் எழும்புகிறது. மிச்சம் வேண்டியது ஒரு பொறி.

சீனாவின் குன்ஷான் நகரில், 2 ஆகஸ்ட் 2014 அன்று, கார் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் நடந்தது இதற்குப் பாடம். தூசு சேரும் வாளி துருப்பிடித்து ஓட்டையாகி, ஈரம் இறங்கியது. ஈரமான அலுமினியப் பொடி தானாகவே சூடேறித் தீப்பிடித்தது. அழுத்தத்தை வெளியேற்ற வழி இல்லை. வெடிப்பு குழாய் வழியாகத் திரும்பி, ஆள்கள் வேலை செய்த கூடத்துக்குள் பாய்ந்தது. இறுதிக் கணக்கில் 146 பேர் மாண்டார்கள்.

இதைத் தடுக்க என்னென்ன தேவை என்பதும் அந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. முதலில், வெடிப்பு வெளியேற ஒரு வழி. மூடிய கலத்துக்குள் தூசு வெடித்தால் அழுத்தம் 7 முதல் 10 பார் வரை ஏறலாம். சாதாரணத் தகரப் பெட்டி 1 பாரைக்கூடத் தாங்காது. அதனால் பெட்டியின் ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே பலவீனமான தகடு பொருத்துகிறார்கள். அது முதலில் கிழிந்து அழுத்தத்தை வெளியே விடும். அந்தத் தகட்டுக்கு எதிரே நடைபாதையோ, சாப்பிடும் மேசையோ இருக்கக்கூடாது. இடப் பற்றாக்குறை உள்ள சிங்கப்பூரில் இது சின்ன விஷயமல்ல. முடிந்தால் இயந்திரத்தைக் கட்டடத்துக்கு வெளியே வைப்பதே நல்லது. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால், தீப்பிழம்பை அணைத்து வாயுவை மட்டும் வெளியேவிடும் சாதனம் வேண்டும்.

இரண்டாவது, திரும்பி வரும் வழியை அடைப்பது. காற்று ஒரு பக்கம் மட்டும் போகவிட்டு, வெடிப்பு திரும்பினால் சட்டென்று மூடிக்கொள்ளும் வால்வு குழாயில் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான்.

பிறகு பொறி. தூசு குழாயில் உரசிப் போகும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. குழாய், பெட்டி, பைகளின் கம்பிச் சட்டம் எல்லாவற்றுக்கும் 'எர்த்' இருக்க வேண்டும். பையை மாற்றிவிட்டு எர்த் வயரை மாட்ட மறப்பது சகஜமாக நடக்கும் தவறு. இரும்பைத் தேய்க்கும் இயந்திரத்தையும் மரம் இழைக்கும் இயந்திரத்தையும் ஒரே குழாயில் இணைத்தால், பொறியை நாமே விறகுக்குள் அனுப்புகிறோம் என்று அர்த்தம். காற்றின் வேகமும் முக்கியம். பல தூசுகளுக்கு நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகம் தேவை. இஷ்டத்துக்குக் கூடுதல் கிளைக் குழாய்களைச் சேர்த்தால் வேகம் குறைந்து, தூசு குழாய்க்குள்ளேயே படிந்துவிடும்.

வேலை செய்பவர் எதைக் கவனிக்கலாம்?

பைகளின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானி பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கும். முள் வழக்கத்துக்கு மாறாக ஏறினால் பை அடைத்திருக்கலாம், திடீரென இறங்கினால் கிழிந்திருக்கலாம். கீழே உள்ள தொட்டியில் தூசைச் சேர்த்துவைக்க வேண்டாம். அது கிடங்கு அல்ல. அலுமினியத் தூசென்றால் ஈரம் படவே கூடாது. அது எரியும்போது தண்ணீர் அடிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் ஏர் கன் எடுத்து 'உஷ்... உஷ்...' என்று ஊதித் தள்ளுகிறோமே, வேகமாக முடிகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தூசு மேகத்தை நாமே உண்டாக்குகிறோம். எரியும் தூசுக்கென்றே தயாரித்த வெக்கூம் கிளீனரைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்தால் அதன் மோட்டாரே பொறி உண்டாக்கிவிடும்.

எரியும் தூசைக் கையாள்வது, சேமிப்பது பற்றிச் சிங்கப்பூருக்கென்றே எஸ்எஸ் 667 என்ற தரநிலை இருக்கிறது. வெளியானது 2020இல், துவாஸ் விபத்துக்கு முந்திய ஆண்டு.

"இதையெல்லாம் பாஸ்கிட்ட சொன்னா வேலை போயிடுமோ?" என்ற பயம் பலருக்கும் இருப்பது புரிகிறது. கசிவு, புகை, தூசுப் படிவு எதைப் பார்த்தாலும் முதலில் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் சேவைவழி கைபேசியிலேயே தெரிவிக்கலாம். படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு அனுப்பலாம்.