வெக்கையில் பிறக்கும் பனிக்கட்டி

கொழும்பின் பாமன்கடைக்குத் தெற்கே சில கிலோமீற்றரில் இரத்மலானை விமான நிலையம். 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதன்முதலாக வந்திறங்கியது ஒரு பஸ் மொத் விமானம். ஓட்டி வந்தவர் சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. அந்தக் காலத்துச் சிறு விமானங்களும், பிறகு வந்த செஸ்னா 152உம் காபுரேற்றர் எஞ்சினில் பறந்தவை. 30 பாகை வெக்கையில், சட்டை நனைய வேர்க்கும் ஊரில், அந்தக் காபுரேற்றருக்குள் பனிக்கட்டி பிறக்குமா?

பிறக்கும்.

1903இல் றைற் சகோதரர்கள் பறந்த எஞ்சினில் பெற்றோல் ஒரு தட்டையான அறைக்குள் வழிந்து, எஞ்சினின் சூட்டிலேயே ஆவியானது. பின்வந்த எஞ்சின்கள் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக் வகுத்த தெளிப்புக் காபுரேற்றருக்குப் போயின. ஒடுங்கிய கழுத்து ஒன்றில் காற்று விரைந்து பாய, பெற்றோல் தூறலாக அதில் கலக்கும். சக்தி கூடியது, கூடவே குளிரும் வந்தது. ஊசி போட முன் தோலில் தடவும் ஸ்பிரிற் போல, ஆவியாகும் பெற்றோல் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிவிடும். கழுத்தில் அழுத்தம் குறைவதாலும் காற்று குளிரும். வெப்பநிலை 20 முதல் 30 பாகை வரை சரியலாம். காற்றிலுள்ள ஈரம், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் தகட்டில் பனியாகப் படிந்து, மூச்சுக்குழாயை அடைக்கத் தொடங்கும். த்ரொட்டிலை மூடி இறங்கும் வேளையில்தான் ஆபத்து அதிகம்: தகட்டின் இடுக்கு சிறிது, எஞ்சினின் சூடும் குறைவு. ஆகவே கொழும்பின் வெக்கை காவல் அல்ல. கடற்காற்றின் ஈரமே இங்கே கணக்கு.

விழுந்த விமானத்தில் தேடினாலும் அந்தப் பனி கிடைக்காது, உருகிப் போயிருக்கும். இதைவிடக் கொடுமையான குற்றவாளி வேறில்லை என்பேன்.

இதற்கு மருந்தாகப் பிறந்ததுதான் விமானியறையிலுள்ள சூட்டுக் குமிழ். இழுத்தால், புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று காபுரேற்றருக்குள் போகும். சூட்டுக்காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் எஞ்சினின் சுழற்சி வேகம் முதலில் இன்னும் விழும். உருகிய நீரைக் குடித்து எஞ்சின் இருமும். பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளுகிற கை, காப்பாற்ற வந்ததையே தடுக்கிறது. புதிய செஸ்னா 172களில் பெற்றோலை நேரே பீச்சுகிறார்கள். காபுரேற்றரும் இல்லை, இந்தப் பனியும் இல்லை.

பறக்கப் பழகும் பிள்ளைகளே, உங்கள் விமானத்தில் காபுரேற்றர் இருந்தால், த்ரொட்டிலைக் குறைக்க முன்னரே குமிழை முழுதாக இழுங்கள். எஞ்சின் இருமினாலும் கையை எடுக்காதீர்கள்.