இரும்புக் கடையில் கிடைத்த தையல் இயந்திரம்

ஜமாஅத் பெண்களுக்கான தையல் வகுப்பிற்காகக் குன்னூரில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து சிங்கர் தையல் இயந்திரம் ஒன்றை எடை விலைக்கு வாங்கி வந்தோம். சக்கரம் அசையவே இல்லை. "இதற்கா பணம் கொடுத்தீர்கள்?" என்று கேட்ட பெரியவர்களுக்காகவே அதன் வரலாற்றை ஈண்டு எழுதுகிறேன்.

1846-இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசியின் காது நுனிக்கு வந்தது. மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டன. 1851-இல் ஐசக் சிங்கர் தமது இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1856-இல் அவரது நிறுவனம் தவணை முறையைக் கொண்டுவந்ததால், மொத்தமாகப் பணம் கட்ட இயலாதவர்களும் இயந்திரம் வாங்கினர். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு முகவராக விளங்கியவர் பார்சி பெருமகனார் என்.எம்.படேல். சேலையும் வேட்டியும் தைக்க வேண்டாத உடைகள். ஆகவே இங்கு முதலில் தையற்காரர்களே பெருவாரியாக வாங்கினர். இயந்திரங்களைச் சாடிய காந்தியடிகளும் 1924-இல் இதற்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவியின் சிரமம் கண்டே சிங்கர் இதைப் படைத்தார் என்பது அவர் கருத்து. சிங்கரின் இல்லறம் அவ்வளவு மெச்சத்தக்கதன்று என்பது வேறு விஷயம்!

நம் இயந்திரத்தின் அடித்தட்டில் பொறித்துள்ள எண் 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. எனவே அது 1920-களிலோ 1930-களின் முற்பாதியிலோ ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டதாகும். 1885-இல் திறக்கப்பட்ட அத்தொழிற்சாலை 1913-இல் மட்டும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இயந்திரங்களைச் செய்தது. 1980-இல் மூடப்பட்டது, அவ்வூர் ரயில் நிலையத்திற்கு இன்றும் 'சிங்கர்' என்றே பெயர். மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய பின், இத்தகைய கனமான சரக்குகள் மலையேறுவது எளிதாயிற்று. குளிரும், துரைமார்களும், வெலிங்டன் படைவீரர்களும் இருந்த இடத்தில் தையற்காரருக்கு வேலை குறையுமா?

சக்கரம் அசையாததற்குக் காரணம் துருவன்று, தேங்காய் எண்ணெய். முன்பு யாரோ அதை விட்டிருக்கின்றனர். சமவெளியிலேயே நாளடைவில் பிசினாகிவிடும் அவ்வெண்ணெய், நம் மலைக் குளிரில் உறைந்தும் போகும். எல்லாத் துளைகளிலும் மண்ணெண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவைத்து, சக்கரத்தை மெல்ல மெல்ல அசைத்தோம். பிசின் கரைந்தது. பிறகு துடைத்துவிட்டு மெஷின் ஆயில் இட்டோம். ஸ்பிரிட் தொட்டால் கருப்பு மெருகோடு பொன் சித்திரமும் போய்விடும் என்பதால் மேற்புறத்தை உலர்ந்த துணியால் மட்டுமே துடைத்தோம். தோல் பெல்ட் புதிதாக வாங்கினோம். ஊசிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஊசியே பொருந்துகிறது.

வகுப்பில் பயின்ற ஒரு சகோதரி, கணவரை இழந்தவர், தற்போது அவ்வியந்திரத்தில் ரவிக்கைகள் தைத்து வருகிறார். அவரோடு பயின்ற மேலும் சிலர் இயந்திரத்திற்காகக் காத்திருக்கின்றனர். வீட்டுப் பரணில் பழைய இயந்திரம் வைத்திருப்போர், இரும்புக்குப் போடுமுன் ஜமாஅத் அலுவலகத்தில் தெரிவிக்க அன்புடன் வேண்டுகிறோம்.