புல்வகைச் சிலந்திப்பேன்கள்

புல்வகைச் சிலந்திப்பேன்கள் நெல், சோளம், மக்காச்சோளம், கோதுமை, கரும்பு போன்ற பயிர்களையும் வரப்புப் புற்களையும் உண்டு வாழும் நுண்ணிய உயிரினங்கள். இவை பூச்சிகள் அல்ல. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவை அடங்கிய வகுப்பில் டெட்ரானிக்கிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பல முக்கிய இனங்கள் ஒலிகோனிக்கஸ் பேரினத்தில் உள்ளன. வளர்ந்த பெண்ணே அரை மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. மழையில்லாத வெயில் நாட்களில் வேகமாகப் பெருகி, அடியிலைகள் முழுவதும் காயும் அளவுக்குச் சேதம் செய்யும்.

முக்கிய இனங்கள்

ஒலிகோனிக்கஸ் பிராட்டென்சிஸ் இனத்தை அமெரிக்க அறிஞர் நேதன் பேங்க்ஸ் 1912இல் விவரித்தார். அவர் பெயராலேயே இது பேங்க்ஸ் புல் சிலந்திப்பேன் எனப்படுகிறது. கான்சஸ், டெக்சஸ், கொலராடோ, நெப்ராஸ்கா மாநிலங்களின் வறண்ட சமவெளிகளில் மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் இது பெரும் தொல்லை. பேரீச்சையையும் தாக்கும்.

இந்தியாவில் சோளத்தைத் தாக்கும் ஒலிகோனிக்கஸ் இண்டிகஸ், நெல் இலையைத் தாக்கும் ஒலிகோனிக்கஸ் ஒரைசே ஆகிய இரண்டையும் ஹிர்ஸ்ட் என்ற அறிஞர் முறையே 1923, 1926ஆம் ஆண்டுகளில் விவரித்தார். தமிழ்நாட்டு வயல்களில் இவ்விரண்டும் உண்டு. முதலாவது கரும்பிலும் காணப்படும்.

கோதுமையிலும் பார்லியிலும் வாழும் பெட்ரோபியா லேட்டன்ஸ் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. இது நூலாம்படை பின்னுவதில்லை. இதன் முன்கால்கள் மற்ற கால்களைவிட நீளமானவை. பார்லி மஞ்சள் கீற்றுத் தேமல் நச்சுயிரியைப் பரப்புவதும் இதுதான்.

வாழ்க்கைச் சுழற்சி

ஒலிகோனிக்கஸ் இனங்கள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்பை ஒட்டிக் கூட்டமாக வாழும். பெண் இடும் முட்டை உருண்டையாகவும் முத்துப் போன்ற வெண்மையுடனும் இருக்கும். அதிலிருந்து வெளிவரும் இளவுயிரிக்கு ஆறு கால்கள்; அடுத்த இரண்டு இளம் பருவங்களிலும் முதிர்ந்த நிலையிலும் எட்டுக் கால்கள். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். எனவே இணை சேராத ஒரு பெண்கூடப் புதிய கூட்டத்தைத் தொடங்கிவிட முடியும். கடும் வெப்பத்தில் ஒரு தலைமுறை இரண்டு வாரத்துக்குள் முடிவதால் ஒரே பயிர்ப் பருவத்தில் பல தலைமுறைகள் உருவாகின்றன.

பேங்க்ஸ் புல் சிலந்திப்பேனின் பெண்கள் ஆரஞ்சு நிறமாகி, கோதுமை மற்றும் புற்களின் தூரடியில் குளிர்காலத்தைக் கழிக்கும். கோடையின் தொடக்கத்தில் கோதுமை முற்றிக் காயும்போது, தவழ்ந்தும் காற்றில் மிதந்தும் பக்கத்து மக்காச்சோள வயலுக்குக் குடிபெயரும். அதனால் கோதுமையை ஒட்டிய வயலோரங்களில்தான் தாக்குதல் முதலில் தெரியும்.

சேதம்

இவை ஊசி போன்ற வாயுறுப்பால் இலைச் செல்களைத் துளைத்து, பச்சையத்தோடு சாற்றை உறிஞ்சும். துளைத்த இடங்கள் வெளிறிய புள்ளிகளாகும். புள்ளிகள் பெருகி ஒன்று சேர, இலை மஞ்சளாகிக் காயும். சோளத்தில் வெளிறல் பின்னர் செந்நிறமாகி இலை முழுதும் பரவும். நெல்லில் இலைகள் வெண்சாம்பல் படர்ந்து உலரும். மக்காச்சோளத்தில் தாக்குதல் அடியிலையில் தொடங்கி மேலேறும். ஆண்பூ வெளிவந்தது முதல் மணி முற்றும் வரையிலான காலமே மகசூலுக்கு ஆபத்தானது. தண்டு வலுவிழந்து பயிர் சாய்வதும் உண்டு.

கண்டறிதல்

சந்தேகமான இலையை வெள்ளைத்தாளின் மேல் தட்டினால் உதிரும் தூசியில் சில துகள்கள் நகரும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் நூலாம்படையும் முட்டைகளும் உரித்த தோல்களும் தெரியும். பேங்க்ஸ் இனத்தில் கரும்பச்சை நிறம் உடலின் இருபக்கமும் பின்முனை வரை நீளும். வேறோர் இனமான இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேனில் அது இரண்டு திட்டுகளோடு நின்றுவிடும். பின்னது மருந்துக்கு எளிதில் கட்டுப்படாது என்பதால், தெளிப்பதற்கு முன் இந்த வேறுபாட்டைப் பார்ப்பது அவசியம்.

பெருக்கத்தின் காரணங்களும் மேலாண்மையும்

வறட்சியில் வாடும் பயிரில் இவை விரைந்து பெருகும். இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்கள், ஸ்டெத்தோரஸ் என்னும் சிறு கரும் பொறிவண்டு, ஆறுபுள்ளி இலைப்பேன் ஆகியவை இவற்றைத் தின்று கட்டுக்குள் வைக்கின்றன. குளிர்ந்த ஈர நாட்களில் நியோசைகைட்ஸ் பூஞ்சணம் பரவிக் கூட்டம் கூட்டமாக அழிக்கும். வேறு பூச்சிகளுக்காகப் பைரெத்ராய்டு போன்ற மருந்துகளைத் தெளிக்கும்போது இந்த நண்பர்கள் மடிந்துவிடுகின்றன. தப்பிய சிலந்திப்பேன்கள் தடையின்றிப் பெருகுகின்றன. பல வயல்களில் சிறு தொல்லை பேரழிவாக மாறுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, பூக்கும் பருவத்தில் பயிரை வாடவிடாமல் நீர் பாய்ச்சுவது, வரப்புப் புற்களைக் கவனிப்பது, வாரந்தோறும் அடியிலைகளைப் புரட்டிப் பார்ப்பது ஆகியவையே முதல் வேலை. இரைவிழுங்கிகள் நிறைந்திருந்தால் தெளிப்பைத் தள்ளிப்போடலாம். மருந்து தவிர்க்க முடியாதபோது, அந்தப் பயிருக்குப் பதிவுபெற்ற சிலந்திப்பேன் கொல்லியை இலையின் அடிப்பக்கம் நனையுமாறு அடிக்க வேண்டும். தலைமுறைகள் விரைந்து மாறும் இவ்வுயிரியில் எதிர்ப்புத்திறனும் விரைவில் தோன்றும் என்பதால், ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.