அறியாமையின் கணக்கில் எழுதப்பட்ட சாவுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) செத்தவர்கள் சுமார் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நோயில் மடிந்தவர்கள். பேதியும் சீதபேதியும் டைபாய்டும் நிமோனியாவும் பீரங்கிகளைவிட அதிகம் பேரைக் கொண்டுபோயின. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்பது அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியாது, ஆகவே இந்தச் சாவுகளுக்கு யாரும் பொறுப்பில்லை என்று இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் தருவார்கள். அவர்களுக்குத் தெரியாது என்பது உண்மை. யாருக்கும் பொறுப்பில்லை என்பதை ஏற்பதற்கில்லை.

அறியாமை ஒன்றே காரணமாக இருந்திருந்தால், அதே அறியாமையோடு இருந்த முகாம்களில் சாவும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. 1862 கோடையில், வர்ஜீனியாவின் சதுப்பு நிலங்களில் போரிட்டுத் திரும்பிய வடக்குப் படை, ஜேம்ஸ் ஆற்றங்கரையில் நோயில் துவண்டு கிடந்தது. கல்போல் இறுகிய ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கறியும் காப்பியுமே அவர்கள் சாப்பாடு. காய்கறி இல்லாததால் பல்லீறு வீங்கும் ஸ்கர்வி நோய் தலைகாட்டியது. அங்கே மருத்துவத் தலைமையேற்ற ஜோனதன் லெட்டர்மேனுக்கும் கிருமியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கெட்ட காற்றே நோய் தரும் என்றுதான் அவரும் நம்பினார். ஆனால் காய்கறி வரவழைத்தார். மலக்குழிகளை நாள்தோறும் மண்போட்டு மூடச் சொன்னார். கூடாரங்களை இடம் மாற்றவைத்தார். நோயாளிகள் குறைந்தார்கள். காரணம் பிழையாக இருந்தும் காரியம் பலித்தது. அவருக்குத் தேவைப்பட்டது புதிய அறிவல்ல; சொன்னதை நிறைவேற்றவைக்கும் அதிகாரமும், ஏற்றிவர வண்டிகளும்தான்.

கறுப்பினப் படைவீரர்களின் கதை இதைவிட அழுத்தமான சான்று. வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர் சுமார் 1,80,000 பேர்; அவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் நோயில் இறந்தார்கள், அதாவது ஆறில் ஒருவர். வெள்ளையர் படைகளில் இந்த விகிதம் இதில் பாதியளவே இருந்தது. கறுப்பினப் படைகள் மிசிசிப்பி ஆற்றோரத்தில் மலேரியா மலிந்த இடங்களில் நிறுத்தப்பட்டிருந்தன, அதனால்தான் சாவு கூடியது என்று வாதிடலாம். இடத்தின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களை அங்கே நிறுத்தியது யார்? வெப்ப மண்டலக் காய்ச்சல் கறுப்பு உடலை அண்டாது என்ற நம்பிக்கையில் தலைமை எடுத்த முடிவு அது. போதாததற்கு அகழி வெட்டுவதும் மூட்டை சுமப்பதும் அவர்கள் தலையிலேயே விழுந்தன. மருத்துவர்களும் அவர்களுக்குப் போதுமான அளவில் கிடைக்கவில்லை. மிசௌரியில் திரட்டப்பட்டு லூசியானாவுக்கு அனுப்பப்பட்ட 65ஆம் கறுப்பினக் காலாட்படையில் 700க்கும் மேற்பட்டோர் நோயில் செத்தார்கள். போர்க்களத்தில் அந்தப் படை ஓர் ஆளைக்கூட இழக்கவில்லை.

உள்நாட்டுப் போருக்கு முந்தைய மெக்சிகோ போரில் களத்தில் ஒருவர் செத்தால் நோயில் ஏழு பேர் செத்தார்கள், அதைப் பார்க்க இது முன்னேற்றம்தானே என்பது இன்னொரு மறுப்பு. முன்னேற்றம்தான். ஆனால் கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன்பே அது நடந்திருக்கிறது என்றால், இன்னும் எத்தனை பேரைக் காத்திருக்கலாம் என்ற கேள்வியை அந்த முன்னேற்றமே எழுப்புகிறது. 1864 ஜூனில், கறுப்பினப் படைகள்மீது அளவுக்கு மீறிய கூலிவேலையைச் சுமத்தக் கூடாது என்று இராணுவமே ஆணையிட்டது. அந்த ஆணைக்கு எந்த நுண்ணோக்கியும் தேவைப்படவில்லை.