மண்ணுக்குள் ஓர் அணை

நிலத்தடி நீர் எப்பக்கம் ஓடும் என்று கேட்டால், பள்ளத்தை நோக்கி ஓடும் என்று எவரும் சொல்லிவிடுவர். பெரும்பாலும் அது சரியே. ஆனால் ஒரே சரிவில், ஒரே ஆற்றின் கரையில், சிறிது தொலைவில் அமைந்த இரண்டு கிணறுகளில் ஒன்றில் நீர் தரைமட்டம் வரை நிற்கிறது. மற்றொன்றில் அது பல மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இடையில் மலை இல்லை, மேடும் இல்லை. இதற்கு என்ன காரணம் கூறுவது?

இக்கேள்வியை மக்கள் நூறாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கே அது.

பொங்கி வழிந்த கிணறுகள்

இப்பள்ளத்தாக்கின் வடகிழக்கில் உயர்ந்த மலைத்தொடர் ஒன்று நிற்கிறது. அதில் பெய்யும் மழையும் உருகும் பனியும் சாந்தா அனா ஆறாகவும் பல ஓடைகளாகவும் இறங்கி வருகின்றன. மலையடிவாரத்தில் சரளையும் மணலும் பரந்து கிடப்பதால் நீரின் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. இவ்வண்டல் சில இடங்களில் 300 மீட்டருக்கும் மேல் தடிப்புள்ளது. ஆகவே இதனை மண் நிரம்பிய மாபெரும் நீர்த்தொட்டி எனலாம்.

1851-இல் இங்குக் குடியேறியவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். மலையிலிருந்து விலகி, பள்ளத்தாக்கின் தென்மேற்கு ஓரத்தை நெருங்க நெருங்க நிலம் ஈரமாயிற்று. சதுப்பும் புல்வெளியும் ஊற்றுகளும் அங்கேதான் மிகுந்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பகுதியில் குழாய் இறக்கியபோது, நீர் தானாகவே மேலேறித் தரைக்கு மேல் பொங்கியது. இத்தகைய கிணறுகளை ஆர்ட்டீசியன் கிணறுகள் என்பர். மேலே களிமண் மூடியிருக்க, கீழே மணலடுக்கில் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் நீர், துளை கிடைத்தவுடன் மேலெழுகிறது.

இந்நீரை நம்பியே ஆரஞ்சுத் தோட்டங்கள் பெருகின. தெற்கேயுள்ள ரிவர்சைடு நகரத்தார் 1880களில் கேஜ் கால்வாய் என்னும் நீண்ட வாய்க்காலை வெட்டி, ஆற்று நீரையும் இக்கிணற்று நீரையும் தங்கள் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றனர். மேற்புறம் இருந்தவர்களுக்கும் கீழ்ப்புறம் இருந்தவர்களுக்கும் ஒரே நீர் வேண்டியிருந்தது. எனவே, அந்த நீர் ஏன் அங்கே வந்து தேங்குகிறது என்பது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இல்லாமல், பிழைப்பைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத கரை

ஈர நிலம் முடியும் இடத்தில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு கோடு இழுத்தாற்போல் எல்லை தெரிந்தது. அதன் மேற்புறத்தில் நீர்மட்டம் உயர்ந்தும், கீழ்ப்புறத்தில் தாழ்ந்தும் இருந்தது. மண்ணுக்குள் ஏதோ ஒரு கரை குறுக்கே நிற்கிறது என்று கருதி, அங்கிருந்த சிறு குன்றொன்றின் பெயரால் ‘பங்கர் ஹில் கரை’ என்று வழங்கினர்.

1905-இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த வால்ட்டர் மெண்டன்ஹால் இப்பள்ளத்தாக்கின் நீர்வளம் பற்றி விரிவான அறிக்கையை வெளியிட்டார். எண்ணற்ற கிணறுகளின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் திரட்டி, எந்த நிலப்பரப்பில் நீர் தானாகப் பொங்கியது என்பதையும், வறண்ட ஆண்டுகளில் அப்பரப்பு எவ்வாறு சுருங்கியது என்பதையும் அவர் குறித்து வைத்தார். பிற்காலத்தில் அத்துறையின் இயக்குநராகவே உயர்ந்தவர் இவர்.

அடுத்த ஆண்டு, 1906 ஏப்ரல் 18 அன்று, அதே மாநிலத்தின் வடபகுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. சான் ஆண்ட்ரியாஸ் என்னும் பிளவுப்பெயர்ச்சியின் நெடுகிலும் நிலம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. சில இடங்களில் நகர்வு 6 மீட்டர் வரை இருந்தது. பிளவுப்பெயர்ச்சி என்பது யாது? பாறையில் ஏற்பட்ட வெடிப்பின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் பெயர்ந்திருந்தால் அதுவே பிளவுப்பெயர்ச்சி. சுருக்கமாகப் பிளவு என்போம். இத்தகைய பிளவுகளின் திடீர் நகர்வே நிலநடுக்கம் என்னும் கருத்து அதன் பின்னரே வலுப்பெற்றது.

சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கு இரண்டு பெரும் பிளவுகளுக்கு இடையே அமைந்திருக்கிறது. மலையடிவாரத்தில் ஓடுவது இதே சான் ஆண்ட்ரியாஸ். தென்மேற்கு ஓரத்தில் ஓடுவது சான் ஜசிண்டோ பிளவு. 1899-இலும் 1918-இலும் இதன் பெயரைத் தாங்கிய ஊரைச் சிதைத்த நிலநடுக்கங்கள் இதனோடு தொடர்புடையவை. முன்னோர் கண்ட ‘கரை’ இந்தச் சான் ஜசிண்டோ பிளவேயன்றி வேறன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

வெடிப்பு எப்படிச் சுவராகும்?

உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். பானையில் விரிசல் கண்டால் நீர் ஒழுகும். தரையில் விரிசல் கண்டால் மட்டும் நீர் எப்படித் தேங்கும்?

பிளவின் இரு பக்கங்களும் பல்லாயிரம் ஆண்டுகளாக உரசும்போது, நடுவிலுள்ள பொருள் திரிகைக்குள் அகப்பட்ட தானியம்போல் அரைபடுகிறது. மணல் மாவாகிறது, களிமண் அடுக்குகள் இழுபட்டுப் பிளவின் முகத்தில் மெழுகியதுபோல் பூசப்படுகின்றன. இத்துடன் மற்றொன்றும் நிகழ்கிறது. ஒரு பக்கத்து மணலடுக்கு நகர்ந்து போய், எதிர்ப்பக்கத்துக் களிமண் அடுக்குக்கு நேராக நின்றுவிடுகிறது. மணல் வழியே வரும் நீர் களிமண்ணில் முட்டி நின்றுவிடும். நாளடைவில் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு போன்ற பொருள்களும் இடுக்குகளில் படிந்து இறுகுகின்றன. வயலுக்கு வரப்பு எப்படியோ, அப்படியே நிலத்தடி நீருக்கு இப்பிளவு.

ஆனால் இந்த வரப்பில் ஒரு வாய்மடை உண்டு. 1963-இல் டட்சர், காரெட் என்னும் இரு நிலவியலார், இப்பிளவைக் கடந்து செல்லும் நீரை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். ஆழத்திலுள்ள பழைய வண்டலில் பிளவு நீரைத் தடுக்கிறது. ஆனால் ஆறு பிளவைக் கடக்கும் இடத்தில், அண்மைக்காலத்தில் படிந்த மேற்பரப்பு மணலைப் பிளவு இன்னும் அதே அளவுக்கு வெட்டிச் சிதைக்கவில்லை. எனவே தேங்கிய நீரில் ஒரு பகுதி மேல் மணல் வழியே கீழ்ப்புறத்துக்குச் செல்கிறது.

கீழ்ப்புறத்து ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி. மேற்புறத்தில் அதிகமாக இறைத்தால் நீர்மட்டம் இம்மடைக்குக் கீழே இறங்கி, கீழ்ப்புறத்துக்குச் செல்லும் நீர் குறைந்துவிடும் அல்லவா? நெடுநாளைய வழக்குகள் 1969-இல் நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்து, யார் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டது.

அதே பள்ளத்தாக்கில் ஒரு பாதை

இனி வடக்கே மலையடிவாரத்துக்குச் செல்வோம். அங்கே ஏரோஹெட் என்னுமிடத்தில் 80 டிகிரி செண்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பமுடைய ஊற்றுகள் உள்ளன. அருகில் எரிமலை ஏதும் இல்லை. பின் வெப்பம் எங்கிருந்து வந்தது?

பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை உயர்கிறது. மலையில் விழும் மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே பல கிலோமீட்டர் ஆழம் இறங்கிச் சூடேறுகிறது. பிறகு சான் ஆண்ட்ரியாஸைச் சார்ந்த பிளவுகளின் வழியே, ஆறிப்போகும் முன்னரே மேலே வந்துவிடுகிறது. அங்கே பிளவு சுவராக நிற்காமல், பாதையாகத் திறந்திருக்கிறது.

வேறுபாடு பாறையில் இருக்கிறது. தளர்ந்த வண்டலில் பிளவு பொருளை அரைத்து அடைக்கிறது. கடினமான கருங்கற் பாறையிலோ, பிளவின் இருபுறமும் பாறை நொறுங்கி எண்ணற்ற வெடிப்புகள் உண்டாகின்றன. 1996-இல் கெய்ன், எவன்ஸ், ஃபார்ஸ்டர் ஆகிய மூவர் இதனைத் தெளிவான வரைமுறையாக வகுத்தனர். பிளவின் நடுவில் அரைபட்ட மையம் ஒன்று. அதைச் சூழ்ந்து வெடிப்புகள் நிறைந்த சிதைவுப் பகுதி மற்றொன்று. மையம் தடிப்பாயிருந்தால் பிளவு நீரைத் தடுக்கும். சிதைவுப் பகுதி மிகுந்திருந்தால் நீரை நடத்தும். இரண்டும் இருந்தால், குறுக்கே செல்ல விடாமல், நெடுகிலும் ஓட விடும்.

இதைப் பொறியாளர்கள் அனுபவத்திலும் கண்டனர். 1990களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக்கு நீர் கொண்டுசெல்ல இம்மலைக்குள் ஏரோஹெட் சுரங்க வழிகளைக் குடையத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததற்கு மேல் நீர் உள்ளே பாய்ந்தது. மலையின் ஊற்றுகள் வற்றிவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. வேலை நிறுத்தப்பட்டது. பின்னர், குடையும்போதே நீர் புகாத சுவரை அமைத்துக்கொண்டு முன்னேறும் இயந்திரங்களைக் கொண்டு 2008-இல் அவை குடைந்து முடிக்கப்பட்டன.

வரமும் அச்சமும்

சான் ஜசிண்டோ பிளவு தேக்கிய நீர் அந்நகரத்தை வாழவைத்தது. ஆனால் பிளவை ஒட்டியே நீர் தேங்குவதில் ஓர் அபாயமும் அடங்கியிருக்கிறது. நீரில் ஊறிய மணல் நிலநடுக்கத்தின்போது குலுக்கப்பட்டால், மணற்குருணைகள் ஒன்றன்மேல் ஒன்று ஊன்றி நிற்க இயலாமல், நிலம் சேறுபோல் இளகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலேயே சாய்ந்து விழுந்தது இதனால்தான்.

1980களில், மழை மிகுந்த ஆண்டுகளுக்குப் பின், சான் பெர்னார்டினோ நகரின் நடுப்பகுதியில் நீர்மட்டம் தரையை நெருங்கியது. மண் இளகக்கூடிய இடங்களை நிலவியலார் வரைபடமாகக் குறித்தனர். சான் ஜசிண்டோவோ தென் கலிஃபோர்னியாவில் மிகுந்த இயக்கமுள்ள பிளவுகளுள் ஒன்று. நீரைத் தேக்கும் சுவரே ஒரு நாள் நிலத்தைக் குலுக்கவும் கூடும். நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால் இவ்வாபத்து குறையும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் வறட்சிக்காலத்துச் சேமிப்பும் கீழ்ப்புறத்தாரின் பங்கும் குறையும். எந்த மட்டத்தில் நீரை நிறுத்துவது என்பதை அந்நகரத்தார் ஆண்டுதோறும் கணக்கிட வேண்டியுள்ளது.

ஒரு கிணற்றில் நீர் இருக்கிறது, அடுத்ததில் இல்லை என்றால், அதை ராசியின்மேல் போடுவது எளிது. இப்பள்ளத்தாக்கு மக்களும் முதலில் கண்டது அவ்வளவுதான். ஆனால் அவர்கள் கிணறு கிணறாக அளந்து எழுதி வைத்தார்கள். அந்தக் கிணற்றுக் கணக்கே, எவரும் கண்ணால் காணாத ஒரு சுவரையும், அச்சுவரிலுள்ள மடையையும், அதற்குள் உறங்கும் நிலநடுக்கத்தையும் காட்டிக் கொடுத்தது.