இரட்டைச் சேர்க்கை: பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே ஒரு கல்லூரிப் பாடத்தைப் படித்துத் தேறி, அதற்குரிய கிரெடிட்டை, அதாவது பாட மதிப்பைப், பின்னால் தம் பட்டக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இரட்டைச் சேர்க்கை என்று பெயர். பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் கல்லூரியின் பதிவேட்டிலும் ஒரே நேரத்தில் அவர் பெயர் இருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இதே வடிவில் இந்த முறை இல்லை. ஆனால் பள்ளி எங்கே முடிகிறது, கல்லூரி எங்கே தொடங்குகிறது, நடுவில் படித்தது யார் கணக்கில் சேரும் என்ற கேள்விகள் இங்கே பழையவை. அந்த எல்லைக்கோடு ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை நகர்ந்தபோதும் தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் யார் படிக்கலாம், யார் நின்றுவிட வேண்டும் என்பதும் சேர்ந்தே மாறியது.

அமெரிக்காவில் இம்முறை 1955-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் மாநிலப் பள்ளிகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது. 1985-இல் மினசோட்டா மாநிலம் இதற்கென்று சட்டமே இயற்றி, மாணவரின் கல்லூரிக் கட்டணத்தை அரசுப் பணத்தில் கட்ட வழி செய்தது. 2022-23 கல்வியாண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படி ஒரு கல்லூரிப் பாடமாவது படித்தார்கள். சிங்கப்பூரில் ஜூனியர் கல்லூரி மாணவர்களில் திறமை மிக்கவர்கள் பல்கலைக்கழகத் தரத்துப் பாடம் ஒன்றை எச்3 என்ற பெயரில் எடுக்கலாம்.

தமிழர் கல்வியில் பள்ளியும் கல்லூரியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்குப் பழைய சான்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடம். அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் சிறுவனாக நுழைந்தவன் வானியலும் உயர்கணிதமும் படித்துவிட்டு வெளியே வரலாம். அது 1855-இல் மூடப்பட்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்தக் குருமடத்தில் படித்தவர்களே.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு மட்டுமே நடத்தியது. பள்ளிப் படிப்பின் முடிவைக் குறிக்கும் மெட்ரிகுலேஷன் தேர்வும் அதன் கையில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் எழுதிய முதல் பெரிய தேர்வின் விடைத்தாளைத் திருத்தியது பல்கலைக்கழகம். அன்றைய சேலம் மாவட்டத்து ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பரில் பிறந்த ராஜாஜி, 1891-இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது அவருக்குப் பதின்மூன்று வயதுகூட நிறைந்திருக்காது. அதற்காக அவர் பெங்களூருக்குப் போக வேண்டியிருந்தது. பட்டமும் அங்கே சென்ட்ரல் கல்லூரியில்தான். ஓசூர்ப் பக்கத்துப் பையனுக்கே நிலைமை இப்படி என்றால், சேர்வராயன் மலையடிவாரத்துக் கிராமங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டாண்டு எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்), அதன் பிறகு பி.ஏ. என்பது அன்றைய வரிசை. இந்த எஃப்.ஏ. என்ற கண்ணியில் சிக்கியவர்களில் உலகமே அறிந்தவர் சீனிவாச ராமானுஜன். அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். கிரெடிட் என்ற ஏற்பாடு எதற்குத் தேவை என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு தமிழ்நாட்டு வரலாற்றில் இல்லை.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோதே, மேல்வகுப்பு மாணவர்களிடமிருந்து லோனியின் திரிகோணமிதி நூலை வாங்கி அவர் முடித்துவிட்டார். 1903-இல் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று நண்பர் மூலம் அவர் கைக்கு வந்தது. சுமார் ஐயாயிரம் தேற்றங்கள் நிறைந்த நூல். பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. பள்ளி மாணவன் ஒருவன் அவற்றைத் தானே நிறுவிப் பார்த்தான். பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிக் கணிதத்தைத் தாண்டிப் போய்விட்டான். அந்தப் படிப்பை வாங்கிப் பதிந்துவைக்க எந்தப் பேரேடும் இல்லை. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. கணிதத்தில் குறையில்லை; உடலியலும் பிற பாடங்களும் கைவிட்டன. 1907-இல் தனித்தேர்வராக எழுதியும் எஃப்.ஏ. கிட்டவில்லை. ஒரு பாடத்தில் தவறினால் எல்லாப் பாடத்திலும் தவறியதாக எண்ணும் விதி அது. அவர் தேறிய கணிதம் எந்தக் கணக்கிலும் நிற்கவில்லை. 1913-இல் அதே பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. அதுவரை அவர் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர்.

எஃப்.ஏ. பின்னர் இண்டர்மீடியட் ஆயிற்று. 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. வந்ததும் பள்ளியிறுதித் தேர்வு மெல்லப் பல்கலைக்கழகத்தின் பிடியிலிருந்து விலகியது. ஆனால் இண்டர்மீடியட் இரண்டாண்டும் கல்லூரிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தன. அவை உண்மையில் பள்ளிக்குரியவை என்று 1917-19 காலத்துச் சாட்லர் குழு சொல்லியும் சென்னை மாகாணத்தில் உடனே எதுவும் நடக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-இல் இண்டர்மீடியட்டை உடைக்கப் பரிந்துரைத்தது. அந்த இரண்டாண்டில் ஓராண்டு பள்ளிக்கு, ஓராண்டு பட்டப் படிப்புக்கு என்பது அதன் எண்ணம். தமிழ்நாட்டில் அது பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பாக வந்து நின்றது. பள்ளியில் பதினோராம் வகுப்பு, அதற்குப் பின் கல்லூரியில் பி.யூ.சி., அதன் மேல் மூன்றாண்டுப் பட்டம்.

பி.யூ.சி. என்ற மூன்றெழுத்து இன்றும் எழுபதைத் தாண்டியவர்கள் பேச்சில் வரும். "அவர் பியூசி வரைக்கும் படிச்சவர்" என்றால் ஊரில் அது பெரிய படிப்பு. பதினோரு ஆண்டு தமிழில் படித்துவிட்டு வந்த கிராமத்துப் பையன், ஒரே ஆண்டில் ஆங்கிலத்தில் இயற்பியலும் வேதியியலும் படித்துத் தேற வேண்டும். விரிவுரையாளர் சொல்வது புரிய ஆரம்பிக்கும்போது தேர்வு வந்துவிடும். தவறினால் ஊர் திரும்ப வேண்டியதுதான், கையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் மட்டும் மிஞ்சும். ஓராண்டை எல்லைக்கோட்டின் மேலேயே நிறுத்திவைத்தது அந்த அமைப்பின் பெரிய பிழை என்றே இக்கட்டுரை கருதுகிறது.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பார்த்தால் அந்தப் பிழையின் இன்னொரு பக்கம் தெரியும்: தூரம். வாணியாறு பாயும் இவ்வூர் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பி.யூ.சி. படிக்க வேண்டுமானால் தெற்கே மஞ்சவாடிக் கணவாய் தாண்டிச் சேலத்துக்குப் போக வேண்டும். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டம் ஆனது. அதே ஆண்டில் தருமபுரியில் அரசு கலைக் கல்லூரி வந்தது. அதுவும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. மஞ்சளும் மரவள்ளியும் போடும் குடும்பத்தில் மகனை விடுதியில் சேர்க்க அறுவடைக் கணக்கு ஒத்துவர வேண்டும். மகளை அனுப்புவது பேச்சிலேயே வராது. பதினோராம் வகுப்புத் தேறிய பெண்ணுக்குக் கல்லூரியின் முதல் ஆண்டு என்பது பாடத்தின் கடினத்தைவிடப் பேருந்தின் தூரத்தால்தான் எட்டாமல் போனது.

கோட்டாரி குழு 1966-இல் கொடுத்த அறிக்கையின் வழியில் தமிழ்நாடு 1978-இல் பத்து, பிளஸ் டூ, மூன்று என்ற அமைப்புக்கு மாறியது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். உயர்நிலைப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு மேல்நிலைப் பள்ளிகளாகத் தரம் உயர்த்தப்பட்டன. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. அண்டை மாநிலங்கள் இந்த இரண்டாண்டை வேறு விதமாகக் கையாண்டன. கர்நாடகம் அதை இரண்டாண்டு பி.யூ.சி. ஆக்கித் தனிக் கல்லூரிகளில் வைத்தது. ஆந்திரம் இண்டர்மீடியட் என்ற பெயரையே விடாமல் ஜூனியர் கல்லூரிகளில் நடத்தியது. கேரளம் ப்ரீ-டிகிரியைக் கல்லூரிகளிலிருந்து முழுமையாகப் பிரித்தெடுக்க 2000-ஆம் ஆண்டு ஆயிற்று. தமிழ்நாடு துணிந்து அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது.

விளைவைப் பேரூராட்சி அளவு ஊர்களில் பார்க்கலாம். முதுகலை படித்த ஆசிரியர் ஊர்ப் பள்ளிக்கே வந்தார். இயற்பியல் ஆய்வகத்துக்கு ஓர் அறை, விலங்கியல் ஆய்வகத்துக்கு ஃபார்மலின் பாட்டில்கள், தராசு, பியூரெட், பிப்பெட். ஒரு தலைமுறைக்கு முன் கல்லூரியில் மட்டும் இருந்த பொருள்கள் அவை. முன்பு கல்லூரிப் படிப்பாக இருந்ததைப் பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் பாவாடை தாவணியில் நடந்துபோய்த் தமிழிலேயே படித்தாள். கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவருவதுதான் இரட்டைச் சேர்க்கையின் உயிர் என்றால், தமிழ்நாட்டில் அது மிகப் பெரிய அளவில் நிகழ்ந்தது 1978-இல்தான். ஒரே வேறுபாடு: பாடம் பள்ளிக்கு வந்தபோது அதன் கல்லூரி மதிப்பு கூட வரவில்லை.

படித்தது கணக்கில் நிற்கும் வழி ஒன்று வேறு பக்கமாகத் தமிழ்நாட்டில் வளர்ந்தது. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ; பிறகு பொறியியல் கல்லூரியில் "டைரக்ட் செகண்ட் இயர்". பத்தாம் வகுப்புக்குப் பின் கணக்குப் போட்டால் பிளஸ் டூ வழியாக வருபவருக்கும் பி.இ. முடிய ஆறு ஆண்டு, டிப்ளமோ வழியாக வருபவருக்கும் ஆறு ஆண்டு. டிப்ளமோக்காரர் கையில் நடுவழியில் வேலைக்குப் போகக்கூடிய சான்றிதழ் ஒன்று கூடுதலாக இருக்கும். பிளஸ் டூ முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். யாரும் இதைக் கிரெடிட் மாற்றம் என்று அழைப்பதில்லை; செய்வது அதைத்தான். ஓசூர்ப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்த பலருக்குக் கதவு இதுவே.

மற்றொரு கதவு திறந்து மூடியது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ இல்லாதவர்களையும் பட்டப் படிப்பில் சேர்த்தன. பள்ளி, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வராமல் இப்படிப் பெற்ற பட்டங்கள் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009 ஆகஸ்டில் தமிழக அரசின் 107-ஆம் எண் அரசாணை அறிவித்தது. வரிசையைக் காப்பதற்குக் காரணம் உண்டு. அதோடு, நடுவயதில் படித்துப் பட்டம் வாங்கியவர்களின் உழைப்பு வீணானதும் உண்மை. இரட்டைச் சேர்க்கை போன்ற ஓர் ஏற்பாட்டை இங்கே யார் கொண்டுவந்தாலும் அரசாணையில் தெளிவான ஏற்பு இருக்க வேண்டும் என்பதற்கு அந்த அனுபவமே போதும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கிரெடிட் வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் வந்த தேசியக் கிரெடிட் சட்டகம் பள்ளியையும் கல்லூரியையும் ஒரே அளவுகோலில் அடுக்குகிறது: 30 மணி நேரப் படிப்புக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 40 கிரெடிட். இவற்றுக்கு வேராக இருக்கும் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை.

இரட்டைச் சேர்க்கைக்கு மிக அருகில் வருவது சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழிப் பட்டப் படிப்பு. 2020 ஜூன் 30 அன்று அறிவிக்கப்பட்ட தரவு அறிவியல் படிப்பு 2022-இல் நான்காண்டு பி.எஸ். பட்டமாக வளர்ந்தது. ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு வேண்டாம். நான்கு வாரம் கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் படித்து, வாராவாரம் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வு எழுத வேண்டும். பதினோராம் வகுப்பு முடித்தவரே இதை எழுதலாம். தேறினால் பிளஸ் டூ முடித்தவுடன் இடம் காத்திருக்கும். முதற்கட்டம் எட்டுப் பாடம், 32 கிரெடிட். முழுப் பட்டத்துக்கு 142. நடுவில் நின்றுகொள்பவருக்கும் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. தேறிய பாடம் தேறியதுதான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு வரை சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களை இந்தப் படிப்புக்கு அழைத்துச் செல்லும் "அனைவருக்கும் ஐஐடிஎம்" திட்டம் 2022 ஆகஸ்டில் தொடங்கியது. தேர்வை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர், பொம்மிடிப் பக்கத்துப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை அதிகாலைப் பேருந்து மறுபடியும் கணக்கில் வந்துவிடுகிறது.

பாப்பிரெட்டிப்பட்டியிலேயே இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் 1997-இல் அமைந்த பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை அங்கே போய் ஒரு கணினிப் பாடமோ தாவரவியல் பாடமோ படிக்கத் தூரம் ஒரு தடையே இல்லை. நேரம்தான் தடையாக இருந்தது. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டாண்டு நடத்தின. அதைத் தடுக்க 2018 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் மாணவருக்கு வேறெதையும் எட்டிப் பார்க்க மூச்சு ஏது? 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்த ஓராண்டு பொதுத்தேர்வின் சுமை இல்லாமல் பள்ளியின் கையிலேயே இருக்கிறது.