8, 12, 3: தோட்டத்து ஈபீஎப் கணக்கின் கதை

2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடியபோது கேட்டது 1000 ரூபா. ஆனால் வெறும் 1000 இல்லை, "அடிப்படைச் சம்பளம் 1000". அந்தச் சொல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று அப்போ பலருக்கும் புரியல. எப்படியோ கைக்கு 1000 வந்தா சரிதானே? சரி இல்லை. கொழுந்து எடுக்கிற அம்மாவின், பால் வெட்டுகிற அப்பாவின் கடைசிக்காலக் காசு முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் தொங்குது.

முதல்ல சட்டம். ஊழியர் சேமலாப நிதி, அதாவது நம்ம ஈபீஎப், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இன்றைக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். 1980இல் சட்டமாகி 1981இல் தொடங்கிய ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் இன்னொரு 3 சதவீதம் போட வேண்டும். நிர்வாகம் தொழில் ஆணையாளரிடம், காசு மத்திய வங்கியிடம். ஆண் 55 வயதில் எடுக்கலாம், பெண் 50இல். கலியாணம் கட்டி வேலையை விடுகிற பெண் அதற்கு முன்னமே எடுக்கலாம் என்றும் ஒரு ஏற்பாடு இருக்கு. அதை எழுதியவர் மனதில் ஏதோ கொழும்புக் கந்தோரில் தட்டச்சு செய்யும் பெண் இருந்திருக்க வேண்டும். நம்ம பக்கத்தில் கலியாணம் முடிந்த பெண் அடுத்த தோட்டத்து மலைக்குக் காலையிலேயே கூடையோடு போறா.

அமெரிக்காவில் 1974இல் தனிநபர் ஓய்வூதியக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அங்கே எல்லோரும் கேட்கிற கேள்வி, வருஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்பது. ஆரம்பத்தில் 1500 டொலர், 2025இல் 50 வயதுக்குக் கீழே 7000 டொலர். கையில் மிஞ்சினவனுடைய கேள்வி அது. தோட்டத்தில் கேள்வியே வேறு: எந்தத் தொகையில் இருந்து 8ஐயும் 12ஐயும் கணக்குப் போடுறாங்க?

2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்க. நாளுக்கு 730 ரூபா என்று செய்தி வந்தது. பிரித்தால் அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்கு 30, உற்பத்தித்திறனுக்கு 140. ஈபீஎப் கணக்கானது 500க்கு மட்டும். மாதம் 25 பேர் விழுந்தால் அடிப்படை 12,500, அதில் இரண்டு பக்கமும் சேர்த்து 20 சதவீதம் 2500 ரூபா. முழு 730க்கும் கணக்குப் போட்டிருந்தால் 3650. மாதத்துக்கு 1150 ரூபா ஒருத்தருடைய முதுமையில் இருந்து கழன்று போயிருக்கு, யாரும் திருடாமலே! வட்டிக்கு வட்டி ஏறுகிற நிதி என்பதால் முன்கூட்டி விழாத காசுதான் பின்னால் பெரிய ஓட்டை. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது, வரவுக் கொடுப்பனவையும் உற்பத்தித்திறன் கொடுப்பனவையும் எடுத்துவிட்டார்கள், விலைப் பங்கு 50. கையில் கூடியது 20 ரூபாதான் என்று எல்லோருக்கும் கோபம். கோபம் நியாயம்தான். ஆனால் சேமலாபக் கணக்கில் பார்த்தால் 500இல் இருந்து 700 என்பது சின்னத் தாவல் இல்லை. இதை எந்தத் தலைவரும் லயத்துக்கு வந்து விளக்கி நான் கேட்டதில்லை.

பணிக்கொடையும் இதே கயிற்றில்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேராவது வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். 30 வருஷம் உழைத்தவருக்கு நாட்சம்பளம் 700 என்றால் 2,94,000; 1000 என்றால் 4,20,000.

இந்தக் காசுக்கு இன்னொரு வரலாறும் இருக்கு. 1948 குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. அதே ஒப்பந்தத்திலேயே சேமலாப நிதியும் பணிக்கொடையும் பேர் சொல்லி வருகிறது: போகிறவர்கள் அவற்றையும் கொண்டுபோக அனுமதி, ஒரு குடும்பம் கொண்டுபோகக் கூடிய உச்சத் தொகையை 4000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. மனுஷரை எண்ணிக்கையாகப் பங்கு போட்ட ஒரு தாளில், அவர்களுடைய வேர்வைக் காசுக்கும் ஒரு வரி. வாக்குரிமை இல்லாதவருக்கு இந்த நாட்டில் எழுத்தில் இருந்த உரிமைகளில் ஈபீஎப்பும் ஒன்று என்பது எனக்கு இன்னும் விசித்திரமாகத்தான் படுது.

சப்ரகமுவவுக்கு வேறு ஒரு காயமும் உண்டு. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983இலும் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. காவத்தை, இறக்குவானை எல்லாம் 1981இல் எரிந்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு வவுனியா, கிளிநொச்சி என்று ஓடியவர்கள் எந்தச் சம்பளச் சிட்டையை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்? சேமலாபக் காசு எடுக்க அங்கத்துவ இலக்கம் வேணும், அடையாள அட்டையில் உள்ள பேரும் தோட்டப் பதிவில் உள்ள பேரும் ஒத்துப் போக வேணும். நம்ம வீடுகளில் ஒரே ஆளுக்கு பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் சிங்களத்தில் இன்னொரு எழுத்து. 1970களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் போன பிறகு, நிர்வாகம் மாறினாப்போல பழைய சேவையை நிரூபிக்கிற வேலையும் தொழிலாளி தலையில்.

இப்போ புதுசா ஒரு முறை பரவுது. ஒரு துண்டு தேயிலையைக் குடும்பத்திடம் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு. சில மாதங்களில் கைக்குக் கூடவே வரும். ஆனால் அந்த ஆள் தொழிலாளியா, வெளியில் இருந்து கொழுந்து தருபவரா? இரண்டாவது என்றால் 12ம் இல்லை, 3ம் இல்லை, 14 நாளும் இல்லை.

2021 மார்ச் வர்த்தமானியில் வந்த 1000 கூட 900 அடிப்படையும் 100 வரவுசெலவு நிவாரணப்படியுமாகத்தான் வந்தது. 2024இல் பேசப்பட்ட 1700, 1350 என்றும் 350 என்றும் பிரிந்து, கடைசியில் 1350 நின்றது. 2026 வரவுசெலவுத் திட்டம் சொன்ன 1750இல் 1550 நாட்சம்பளம், 200 அரசாங்கம் தரும் வரவு ஊக்குவிப்பு. 25 நாளைக்கு அந்த 200 என்பது 5000 ரூபா. அதுக்கு 20 சதவீதம் விழுந்தால் மாதம் 1000. இந்த மாதச் சம்பளச் சிட்டை வீட்டுக்கு வந்ததும் ஈபீஎப் என்ற வரியை எடுத்து 8ஆல் வகுத்து 100ஆல் பெருக்கிப் பாருங்க. எந்தச் சம்பளத்துக்குப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும்.